ஐப்டேசியாவுக்காக நான் வாங்கியவை: ஒரு பாட்டில், அரை கிலோ சுண்ணாம்பு, பத்து இறால்

பொங்கலுக்கு 9 நாள் திருநெல்வேலி போயிருந்தோம். திரும்பி வந்து பெரம்பூர் வீட்டுக் கதவைத் திறந்ததும், கையிலிருந்த பையைக் கீழே வைப்பதற்குள் தெரிந்துவிட்டது, தொட்டியில் ஏதோ சரியில்லை என்று. ஒழுங்காக ஓடுகிற கடல்நீர்த் தொட்டிக்குப் பெரிதாக வாடை இருக்காது. விடிகாலையில் மெரினாவில் நிற்கிற மாதிரி லேசாக உப்பு மணக்கும், அவ்வளவுதான். அன்றைக்கு மீன் மார்க்கெட் வாசல் மாதிரி இருந்தது. விளக்கைப் போட்டேன். பாறை முழுக்கப் பழுப்பு நிறத்தில் குட்டிக் குட்டித் தென்னங்கன்றுகள். பாறையில், மணலோரத்தில், பின்கண்ணாடியில், பம்ப் கூண்டில்கூட. சிலது கட்டைவிரல் நகம் அகலம், சிலது கடுகு.

எண்ணினேன். 61 வரை வந்தது. அதற்கு மேல் எண்ண மனசு வரவில்லை.

ஐப்டேசியா. கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறிவிடும். பாடப்புத்தகத்தில் கடல் சாமந்தி என்று வருமே, பெயர்தான் பூ, ஆனால் பிராணி, அதில் ஒரு சின்ன வகை. கோமாளி மீன் போய் உட்காரும் அழகான சாமந்தி இல்லை. இது வீட்டு ஓடு இடுக்கில் முளைக்கும் அரசங்கன்று ரகம். பக்கத்தில் இருக்கிற பவளத்தைக் கொட்டும், இடத்தைப் பிடிக்கும், பிடித்த இடத்தை விடாது. என் தொட்டிக்கு அது வந்தது ஒரு ஜோவா துண்டின் அடிக்கட்டையில் ஒட்டிக்கொண்டு. ஜோவா என்றால் பொத்தான் பொத்தானாகக் கூட்டமாக வளரும், பவளத்துக்குச் சொந்தக்கார உயிர். தீபாவளிக்கு முன்பே ஒன்றே ஒன்றைப் பார்த்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. "இருந்துட்டுப் போகட்டும்" என்று விட்டேன். முதல் தப்பு அது.

ஆறு மாதம் ஆகிறது. மூன்று வழிகளில் காசைக் கொட்டியிருக்கிறேன். எது காசுக்குத் தகுந்தது, எது இல்லை என்பதை எழுதி வைத்தால் இன்னொருவருக்கு உதவும் என்றுதான் இது. நான் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. எனவே நடுவில் கொஞ்சம் பாடம் எடுப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொட்டி 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கிட்டத்தட்ட 190 லிட்டர். ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு கோபி மீன், நத்தைகள், ஜோவாக்கள், காளான் வடிவத்தில் இருக்கும் மஷ்ரூம் பவளங்கள். கல் பவளம் கிடையாது. 2001-ல் கல் பவளங்களை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு அதற்கும். மன்னார் வளைகுடாவிலிருந்து வந்த "உயிர்ப் பாறை" (கடலிலிருந்து உயிரினங்களோடு அப்படியே எடுத்த பாறை) என்று யாராவது ரகசியமாகக் காட்டினாலும் வாங்காதீர்கள். என்னுடையது வெறும் காய்ந்த பாறை, பாக்டீரியா விட்டுப் பழக்கியது.

இனி இரண்டாவது தப்பு. ஊரிலிருந்து வந்த அன்று இரவே, தலைகூடக் குளிக்காமல், பழைய பிளேடை எடுத்துப் பின்கண்ணாடியில் இருந்ததையெல்லாம் சுரண்டித் தள்ளினேன். அரை மணி நேரத்தில் கண்ணாடி பளிச்சென்று ஆனது. பெருமையாகக்கூட இருந்தது. பத்து நாள் கழித்து அதே கண்ணாடியில் முன்பு இருந்ததைப்போல் இரண்டு மடங்கு. இந்தப் பிராணி தன் அடிப்பாதத்திலிருந்து பிய்ந்து விழும் துணுக்கிலிருந்தே முழுசாக முளைக்கும். அது தானாகச் செய்கிற வேலையை நான் பிளேடு வைத்துச் சுலபமாக்கிக் கொடுத்திருக்கிறேன். ஒன்றை நான்காக நறுக்கி, பம்ப்பை வேறு ஓடவிட்டு, தொட்டி முழுக்க விதைத்திருக்கிறேன். நாற்று நட்டவள்கூட இவ்வளவு சீராக நட்டிருக்க மாட்டாள்.

ஆராய்ச்சிக்காரர்களுக்கு இதே குணம்தான் வசதி. பவளத்துக்கும் அதற்குள் வாழும் பாசிக்கும் உள்ள உறவைப் படிக்க, ஆய்வகங்களில் ஐப்டேசியாவைத்தான் வளர்க்கிறார்கள். 2015-ல் இதன் மரபணுத் தொகுதியையே படித்து வெளியிட்டார்கள். வளர்ப்பது சுலபம், சாகாது, தானாகப் பெருகும். இதைப் படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

முதலில் வாங்கியது பாட்டில். ரெட் ஸீ கம்பெனியின் ஐப்டேசியா-எக்ஸ், 60 மில்லி. கூடவே ஒரு ஸிரிஞ்சும், நேரான முனை ஒன்றும் வளைந்த முனை ஒன்றும் வரும். குலுக்கி, உறிஞ்சி, சாமந்தியின் வாய்க்கு நேரே மெதுவாக விட வேண்டும். இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. மருந்தை அது உணவு என்று நினைத்து விழுங்குகிறது. சீண்டினால் பாறை இடுக்குக்குள் சட்டென்று இழுத்துக்கொள்ளும் ஜந்து, இதைப் பார்த்ததும் கைகளைக் குவித்து வாங்கிக்கொள்கிறது. சில நிமிடத்தில் உள்ளுக்குள் சுருண்டுவிடும். முதல் நாள் 15 போட்டேன், மறுநாள் பார்த்தால் 13 இல்லை. சொன்னதைச் செய்கிற சரக்கு. பக்கத்து ஜோவாக்கள் இரண்டு நாள் மூடிக்கிடந்து திறந்துகொண்டன.

ஒரு தடவை முனை அடைத்துக்கொண்டது. அது கம்பெனி தப்பில்லை. முதல் நாள் உபயோகித்துவிட்டுக் கழுவாமல் வைத்தது நான். வேலை முடிந்ததும் ஆர்ஓ தண்ணீரில் இரண்டு தடவை உறிஞ்சி விட்டால் போதும்.

பிறகு ஏன் பாட்டிலோடு நிற்கவில்லை என்றால், கணக்கு. ஒரு பாட்டில் விலை எங்கள் வீட்டு ஒரு மாதப் பால் கணக்குக்குக் கிட்டத்தட்ட வரும். பத்து, பதினைந்து சாமந்தி என்றால் தாராளமாக வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். பிளேடு புண்ணியத்தில் என்னிடம் அப்போது நூற்றுக்கு மேல். பெரிய சாமந்திக்கு ஒரு மில்லி வரை இழுக்கிறது. இரண்டாவது பாட்டில் வாங்கக் கையை நீட்டும்போதுதான் எனக்குள் இருக்கிற வாத்தியார் விழித்துக்கொண்டார்.

சுண்ணாம்பு. கால்சியம் ஹைட்ராக்சைடு. வெளிநாட்டுக்காரர்கள் இதையே கால்க்வாசர் என்கிறார்கள், ஜெர்மன் மொழியில் சுண்ணாம்பு நீர் என்று அர்த்தம். பவளத் தொட்டிக்குக் கால்சியம் சேர்க்க ரொம்ப வருஷமாக உபயோகிப்பதுதான். அதைக் குழைத்துச் சாமந்தி வாயில் வைத்தால் வெந்துபோகும்.

சமையலறையில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் மாமியார் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து சுண்ணாம்பு டப்பியை நீட்டினார். "இதுக்குப் போயா இவ்ளோ ஆராய்ச்சி? இந்தா, எடுத்துக்கோ."

"வேணாம் அத்தே, இதுல வேற என்னென்ன கலந்திருக்கோ."

"அப்ப நாங்க மட்டும் வாயில போட்டுக்கலாமா?"

பதில் சொல்ல முடியாத கேள்வி. ஆனால் விஷயம் அதுதான்: வெற்றிலைச் சுண்ணாம்பில் என்ன கலந்திருக்கிறது என்று டப்பியில் எழுதியிருக்காது. வாசனைக்குப் போட்டது, நிறத்துக்குப் போட்டது, எதுவோ. இறாலும் நத்தையும் இருக்கிற தொட்டியில் அந்தப் பரீட்சை வேண்டாம். ஒரு சனிக்கிழமை பார்க் டவுன் போய், நைனியப்ப நாயக்கன் தெருவில் ஆய்வகத் தரத்தில் அரை கிலோ டப்பா வாங்கினேன். பாட்டில் விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அரை கிலோ என்பது என் ஆயுசுக்குப் போதும். வாங்கியதும் மூடியை இறுக்கி வையுங்கள். காற்றில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லச் சாக்பீஸாக மாறிவிடும். "தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பால்போல் மாற்றும்" என்று மனப்பாடம் செய்தோமே, அதேதான். அப்படி மாறிப்போன பொடியால் சாமந்திக்கு ஒரு கேடும் வராது.

ஊசிக்கு ரிச்சி தெரு. பிரிண்டருக்கு மை நிரப்புகிற ஸிரிஞ்ச், நீளமாக, முனை மழுங்கலாக இருக்கும். மருந்துக்கடை ஊசி வேண்டாம், கூர்முனை கையைக் குத்தும், துளையும் சின்னது, சுண்ணாம்பு அடைத்துக்கொள்ளும்.

எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன். காலையில் தொட்டி விளக்கு எரிந்து அரை மணிக்குள். இரவு முழுக்க இருட்டில் பாசி வேலை செய்யாததால் தண்ணீரின் பி.எச். அப்போதுதான் குறைவாக இருக்கும், எனக்கு 8.0 பக்கம். சுண்ணாம்பு அதை மேலே தள்ளும். தெவிட்டிய சுண்ணாம்பு நீரின் பி.எச். 12.4. ஆகவே குறைவாக இருக்கிற நேரத்தில் போட்டால் ஏற இடம் இருக்கிறது. ஒரு டீஸ்பூன் பொடி, அதற்கு மேல் ஒரே நாளில் 190 லிட்டருக்குப் போட்டதில்லை. ஆர்ஓ தண்ணீரைச் சூடாக்கி, சொட்டுச் சொட்டாக விட்டு, தோசை மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாகக் குழைக்க வேண்டும். சூடான தண்ணீர் எதற்கென்றால், சுண்ணாம்பு சர்க்கரை மாதிரி இல்லை, சூட்டில் இன்னும் குறைவாகத்தான் கரையும். கரையாமல் களிம்பாக இருந்தால்தான் ஒட்டும். எல்லாப் பம்ப்பையும் நிறுத்த வேண்டும். தண்ணீர் அசையக்கூடாது.

முதல் சாமந்தி, ஜோவாக்களுக்கு எதிர்ப்பக்கம் தனியாக இருந்த பெரியது. தண்டு கண்ணாடி மாதிரி, உள்ளே பழுப்புக் கோடுகள், மேலே ஒரு நூறு கைகள். ஊசியை ஒரு விரற்கடை தூரத்தில் நிறுத்தி, கோலமாவை விரலிடுக்கில் விடுகிற மாதிரி கொஞ்சமாக விட்டேன். வெள்ளையாக ஒரு பொட்டு, வாய்க்கு நடுவில் போய் உட்கார்ந்தது. ஒரு நொடி ஒன்றும் ஆகவில்லை. பிறகு கைகள் எல்லாம் சேர்ந்து உள்பக்கமாக மடங்கின, தூங்கப்போகும் தொட்டாச்சிணுங்கி மாதிரி. பக்கவாட்டிலிருந்து வெள்ளை நூல்கள் வெளியே வந்தன. அவை அதன் ஆயுதம், கொட்டும் செல்கள் நிறைந்தவை. யாரைக் கொட்டுவது என்று தெரியாமல் தண்ணீரில் அலைந்தன. தண்டு சுருங்கிச் சுருங்கி ஒரு மிளகளவு ஆனது. அதன் மேலேயே இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பை வைத்துப் பூசிவிட்டேன். 20 நிமிடம் கழித்துப் பம்ப்பைப் போட்டேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.

ஒரு நாளைக்கு 6 அல்லது 7. தினமும் இல்லை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். பி.எச். 8.3-ஐத் தாண்டவிடவில்லை. ஒரே ஒரு நாள், பள்ளிக்கு விடுமுறை என்ற உற்சாகத்தில் ஒரே மூச்சாக 20-க்குப் போட்டேன். தண்ணீர் வெள்ளை பூத்துவிட்டது, கோமாளி இரண்டும் மூலையில் போய் ஒட்டிக்கொண்டு மூச்சு வாங்கின. அவசரமாக 40 லிட்டர் மாற்றிய பிறகுதான் தெளிந்தது. அவசரப்படாதீர்கள் என்று வகுப்பில் தினமும் பத்துத் தடவை சொல்கிறவள் நான்.

பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகும். வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டை அழுத்தி விளையாடிக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட குழந்தைகள் நம் ஊரில் நிறைய. ஸிரிஞ்ச் அடைத்துக்கொண்டால் பலமாக அழுத்துகிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அழுத்தாதீர்கள், முனை பிடுங்கிக்கொண்டு முகத்தில் அடிக்கும்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "பாறையை எடுத்து வெந்நீரில் போட்டுக் கொதிக்க வை, எல்லாம் செத்துடும்" என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். செய்யவே செய்யாதீர்கள். ஜோவாக்கள் உள்ள பாறையில் பேலிடாக்ஸின் என்ற விஷம் இருக்கலாம். கொதிக்கவைத்தால் அது ஆவியோடு வீட்டுக்குள் பரவும். இப்படிக் கொதிக்கவைத்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் வெளிநாடுகளில் உண்டு. சாமந்தியே மேல்.

பாட்டிலும் சுண்ணாம்பும் சேர்ந்து ஒன்றரை மாதத்தில் கண்ணுக்குத் தெரிகிறதையெல்லாம் முடித்தன. சுண்ணாம்பு போட்டதில் நாலில் ஒன்று திரும்ப முளைத்தது. பாட்டில் போட்டதில் அதைவிடக் குறைவு. ஆனாலும் விலையைப் பார்த்தால் திரும்ப ஒரு தடவை சுண்ணாம்பு வைப்பதில் எனக்குச் சங்கடமில்லை. சங்கடம் வேறு இடத்தில். பாறைக்குப் பின்னால், பாறைக்கு அடியில், வடிகால் பெட்டிக்குள். கை போகாத இடத்தில் ஊசி எப்படிப் போகும்? அங்கேயிருந்து குட்டிகள் வந்துகொண்டே இருந்தன. அப்போதுதான் இறால்.

பெப்பர்மின்ட் இறால் ஐப்டேசியாவைத் தின்னும், இது எல்லோரும் சொல்வது. நகரத்தில் ஒரு பளபளப்பான கடையில் நான்கு வாங்கினேன், ஒன்று 450 ரூபாய். சிவப்பும் வெள்ளையும் கோடு கோடாக, பெரிய முட்டைக்கண்ணோடு, பார்க்க ரொம்ப அழகு. மூன்றாம் நாள் இரவு, டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டி எடுத்துப் பார்த்தேன். இறாலுக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரியாது, அதன் பாட்டுக்கு வேலை பார்க்கும். வேலை பார்த்தது. ஐப்டேசியாவைத் தாண்டிப் போய் என் பச்சை ஜோவாவின் மேல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஒவ்வொரு இதழாகக் கிள்ளிக்கொண்டிருந்தது. காலையில் 11 தலை காணவில்லை.

கடைக்குப் போனேன். "மேடம், இதுவும் பெப்பர்மின்ட்டும் ஒரே குடும்பம்தான், பழகிடும்" என்றார் கல்லாவில் இருந்தவர். திருப்பி எடுக்க மாட்டார்களாம். வந்த வழியே திரும்பினேன்.

குளத்தூர் வண்ண மீனுக்குப் பேர்போன இடம், ஆனால் அங்கே பெரும்பாலும் நன்னீர் மீன்தான். கடல் சரக்கு வைத்திருக்கிற கடைகள் கொஞ்சம். அதில் ஒன்றில், பத்தடிக்குப் பத்தடி இருக்கும், வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்கிற கடை, நான் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். கடைக்காரர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஒரு பார்வைதான்.

"அக்கா, இது பெப்பர்மின்ட் இல்ல. கேமல். முதுகைப் பாருங்க, ஒட்டகக் கூன் மாதிரி நிக்குதா? இந்த வெள்ளைக் கோடு பெப்பர்மின்ட்டுக்கு இருக்காது. அது கொஞ்சம் கண்ணாடி மாதிரி உடம்பு, செவப்புக் கோடு மட்டும்தான்."

"ரெண்டும் ஒரே குடும்பம்னாங்க."

"மூஞ்சி கூட ஒண்ணா இல்லையேக்கா."

குடும்பமும் வேறுதான். வீட்டுக்கு வந்து பார்த்தேன்.

"சரி, பெப்பர்மின்ட் நாலு குடுங்க" என்றேன். இல்லை என்றார். எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் சொல்கிறேன் என்றார். அங்கேயே நீளமூக்கு வண்ணத்துப்பூச்சி மீன் ஒன்று, காப்பர்பேண்ட், நீந்திக்கொண்டிருந்தது. அதுவும் ஐப்டேசியா தின்னும் என்று எனக்குத் தெரியும். விலையும் நல்ல விலை. அதைக் கேட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டார். "இது இன்னும் எங்கிட்டயே ஒழுங்கா சாப்பிடலக்கா. உங்க டேங்க் சின்னது. கொண்டுபோனீங்கன்னா ரெண்டு வாரத்துல எம்மேல கோவப்படுவீங்க." கையில் காசோடு நிற்கிற வாடிக்கையாளரிடம் இப்படிச் சொல்கிற கடைக்காரரை நான் ஜவுளிக்கடையில்கூடப் பார்த்ததில்லை.

கேமல் இறால்களை அவரே வாங்கிக்கொண்டார். காசு தரவில்லை, மீன் மட்டும் இருக்கிற தொட்டிக்கு ஆகும் என்றார். எனக்கு அது போதும்.

மூன்று வாரம் கழித்துப் போன் வந்தது. போனதும் பையில் போட்டுத் தரவில்லை. முதலில் கேள்வி. "டேங்குல எப்பவாச்சும் காப்பர் மருந்து போட்டிருக்கீங்களா?" மீனுக்கு வெண்புள்ளி வந்தால் போடும் தாமிர மருந்து, இறாலுக்கு எமன், பாறையில் தங்கிப் பிறகும் கசியும். போட்டதில்லை என்றேன். "உப்பு எவ்ளோ?" 1.025 என்றேன், உப்புத் தண்ணீரின் ஒப்படர்த்தி அது. "எங்கிட்ட 1.021. ஒன்றரை மணி நேரமாவது சொட்டு விடணும், அவசரப்பட்டுக் கொட்டிடாதீங்க." ஆறு இறால், ஒன்று 800 ரூபாய். விலை அதிகம், மறுக்கவில்லை. ஏர் பைப்பில் ஒரு முடிச்சுப் போட்டு, இறால் இருந்த வாளியில் என் தொட்டித் தண்ணீரை நொடிக்கு இரண்டு சொட்டு என்று விட்டு, இரவு விளக்கு அணைந்த பிறகு தொட்டியில் விட்டேன்.

நான்கு நாள் ஒன்றுமே நடக்கவில்லை. இறாலையே காணவில்லை. ஐந்தாம் நாள் காலை மாமியார் கூப்பிட்டார். "ஒண்ணு செத்துக் கிடக்குது பாரு." ஓடிப்போய்ப் பார்த்தால் மணலில் முழு இறால் மாதிரியே ஒன்று, ஆனால் உள்ளே காலி. சட்டை உரித்திருக்கிறது. இதைப் பார்த்துப் பதறாத ஆளே கிடையாது என்று நினைக்கிறேன்.

அதே வாரம் பின்கண்ணாடியில் இருந்த கடுகுகள் காணாமல் போகத் தொடங்கின. ஒரு நாள் எட்டு, மறுநாள் ஐந்து. சிவப்பு டார்ச் வைத்துக் காத்திருந்து ஒரு தடவை பார்த்தேன். இறால் பக்கத்தில் வந்து மீசையால் தடவுகிறது, பின்வாங்குகிறது, திரும்ப வருகிறது. கொட்டும் போலிருக்கிறது. பிறகு சட்டென்று ஒரு கையை நுழைத்து ஒரு துணுக்கைப் பிய்த்து வாயில் வைத்துக்கொண்டது. அரை மணி நேரத்தில் அடிப்பாதம்வரை முடித்துவிட்டது. பிளேடு வைத்து நான் செய்த அதே பிய்த்தல்தான், ஆனால் இது துணுக்கை மிச்சம் வைக்கவில்லை.

பெரிய சாமந்தியை இவை தொடுவதில்லை. நகம் அகலம் வந்துவிட்டால் ஊசிதான். இறாலுக்கு வயிறு நிறைந்திருந்தாலும் வேலை நடக்காது. மீனுக்குப் போடும் தீனி மிஞ்சினால் அதைத் தின்றுவிட்டுப் பாறைக்குக் கீழே படுத்துக்கொள்ளும், நம் ஊர் ஆபீஸ் மாதிரி.

மீன் தீனி என்றதும் கடைசி விஷயம். இத்தனைக்கும் மூலம் அதுதான். பொங்கலுக்குப் போகும்போது பக்கத்து வீட்டுப் பையனிடம் உறைய வைத்த இறால் தீனி முழுப் பாக்கெட்டையும் கொடுத்துவிட்டு "தினமும் கொஞ்சம் போடுடா" என்று மட்டும் சொன்னேன். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அவனுக்கு எப்படித் தெரியும்? மீன் பட்டினி கிடக்கக்கூடாது என்று நல்ல மனசோடு பாக்கெட்டையே காலி செய்திருக்கிறான். வந்த அன்று நைட்ரேட், அதாவது மிஞ்சிய தீனியும் கழிவும் சிதைந்து தண்ணீரில் சேர்வது, லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தொட்டிருந்தது, வழக்கமாக எனக்கு 10. அவ்வளவு தீனியில் ஐப்டேசியா பெருகாமல் என்ன செய்யும். இப்போது தீனி ஒரு நாளைக்கு ஒரு தடவை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. வாரம் 20 லிட்டர் தண்ணீர் மாற்றுகிறேன். நைட்ரேட் 12-க்கு வந்த பிறகுதான் முளைப்பது நின்றது. இதைச் செய்யாமல் எந்தப் பாட்டிலை வாங்கினாலும் மாதாமாதம் வாங்க வேண்டியிருக்கும்.

கணக்குப் பார்த்தால், என்னைப்போல் நூறைத் தாண்டியவர்களுக்குச் சுண்ணாம்பு, பத்து, பதினைந்துக்குள் இருப்பவர்களுக்குப் பாட்டில். இடுக்கில் இருப்பதற்கு, உண்மையான பெப்பர்மின்ட் கிடைத்தால் மட்டும், இறால். கூன் இருந்தால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

குளத்தூர்க் கடையின் பெயரை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "வேணாம்க்கா. நாளைக்கு அம்பது பேரு பெப்பர்மின்ட் இருக்கான்னு போன் பண்ணுவாங்க. இல்ல இல்லன்னு சொல்லியே தொண்டை வத்திடும்" என்றார். ஆறில் ஒன்று ஏப்ரலில் எங்கேயோ காணாமல் போய்விட்டது, ஐந்து இருக்கின்றன. போன வாரம் எண்ணியபோது வடிகால் பெட்டிக்குள் இரண்டு ஐப்டேசியா, பம்ப் கூண்டின் அடியில் ஒன்று. அடுத்த மாதம் கல்யாணத்துக்கு நான்கு நாள் கோவை போகிறோம். மாமியாரின் பழைய மாத்திரைப் பெட்டி ஒன்று, கிழமை போட்ட ஏழு அறை இருக்குமே, அதில் ஒவ்வொரு நாள் தீனியையும் அளந்து போட்டு ஃப்ரீசரில் வைத்தாயிற்று. பையனிடம் அதை மட்டும்தான் கொடுக்கப் போகிறேன்.